விழித்திரை ரத்தக் குழாய் அழற்சி: பார்வை திரும்புமா, மச்சானை ஊருக்கு அனுப்பலாமா?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். சிங்கப்பூர் துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் 31 வயது மச்சானுக்கு வலது கண்ணில் திடீரென்று கரித்தூள் பறப்பது போலத் தெரிந்திருக்கிறது, இரண்டொரு நாளில் கண் முழுக்கச் சிவப்பாக மங்கிவிட்டது. விழித்திரையில் ரத்தக் குழாய்களுக்கு அழற்சி, உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று கண் மருத்துவர் சொல்லியிருக்கிறார். காசநோய்க் கிருமிக்கான டி-ஸ்பாட் ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். காசநோய் மாத்திரையும் ஸ்டீராய்டும் தொடங்கச் சொல்கிறார்கள். இருமலே இல்லாதவனுக்குக் காசநோய் மருந்து எதற்கு, பார்வை திரும்புமா, புதுக்கோட்டையிலிருந்து மாமியார் 'பேசாமல் ஊருக்கு வரச் சொல்லுங்கள், நாட்டு வைத்தியம் பார்ப்போம்' என்கிறார், அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: இது குடும்ப நோயா, மாமியாருக்கும் 72 வயதில் ஒரு மாதமாகத் தலைவலி, கண் அவ்வப்போது இருட்டுகிறது என்கிறார்.

தம்பி, நான் மருத்துவர் இல்லை. இங்கே கண் பிரிவில் பல வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மச்சானைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால்: இப்போது அனுப்ப வேண்டாம், மாத்திரையைத் தொடங்கட்டும், பார்வை திரும்பும் வாய்ப்பு நன்றாகவே இருக்கலாம். ஆனால் அதற்கு முன் உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன், எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது.

இன்றிரவே மாமியாருக்கு போன் போட்டு நாலு கேள்வி கேளுங்கள். நெற்றிப்பொட்டில் வலிக்கிறதா, தலை சீவும்போது சீப்பு பட்டாலே வலிக்கிறதா, சாப்பிட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் மெல்லுவதற்குள் தாடை கடுத்து, நிறுத்தினால் சரியாகிறதா, கண் இருட்டுவது ஒரு கண்ணிலா, சில நிமிடத்தில் தெளிகிறதா? ஆமாம் ஆமாம் என்று பதில் வந்தால் அது வேறு நோயாக இருக்கக்கூடும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் எழுபதுக்கு மேல், தலையின் பெரிய தமனிகளில் வருகிற அழற்சி அது. ஆங்கிலப் பெயர் ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ். வெள்ளைக்காரர்களிடம்தான் அதிகம், நம்மவர்களிடமும் சீனர்களிடமும் அபூர்வம். அபூர்வம் என்பதாலேயே யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராமல் போய்விடுகிறது, ஒற்றைத் தலைவலி, பல் பிரச்சினை, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நாள் ஓடிவிடும். கண் நரம்புக்குப் போகும் ரத்தம் நின்றுவிட்டால் அந்தப் பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. மருந்து தொடங்காவிட்டால் அடுத்த கண்ணும் சில நாட்களில், சில வாரங்களில் போகலாம்.

இதில் வைத்தியத்தின் சாமர்த்தியமே வேகம்தான். அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் ஈஎஸ்ஆர், சிஆர்பி, பிளேட்லெட் எண்ணிக்கை மூன்றையும் அன்றே ரத்தத்தில் பார்ப்பார்கள், சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவு உறுதியாகும்வரை காத்திருக்காமல் அன்றே ஸ்டீராய்டு கொடுத்துவிடுவார்கள். பார்வை ஏற்கெனவே பாதித்திருந்தால் வழக்கமாக மெத்தில்பிரெட்னிசொலோன் 500 முதல் 1000 மில்லிகிராம் வரை நரம்பில் மூன்று நாள், பிறகு மாத்திரை. நெற்றிப்பொட்டுத் தமனியில் சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பதோ, அந்தத் தமனியை அல்ட்ராசவுண்டில் பார்ப்பதோ அடுத்து வரும். ஸ்டீராய்டு தொடங்கி ஒன்றிரண்டு வாரம் ஆனாலும் திசுவில் தடயம் இருக்கும், ஆகவே 'சோதனை முடியட்டும், பிறகு மருந்து' என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். மாத்திரையை ஒன்றிரண்டு வருடத்தில்தான் மெல்ல மெல்லக் குறைப்பார்கள். 2017இல் இருந்து டோசிலிசுமாப் என்ற ஊசியும் இந்த நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றுப் பயன்பாட்டில் இருக்கிறது, ஸ்டீராய்டைச் சீக்கிரம் குறைக்க உதவும். ஆனால் அது சிஆர்பியைத் தானாகவே அமுக்கிவிடும், அந்த ஊசி போடுகிறவரிடம் ரத்த ரிப்போர்ட் நார்மல் என்பதை மட்டும் வைத்து நோய் அடங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. இவ்வளவும் சொன்னாலும், 72 வயதில் வரும் தலைவலி பெரும்பாலும் இதுவாக இருக்காது. கேட்டுத் தெரிந்துகொள்வதில் நஷ்டமில்லை, ஆமாம் என்று பதில் வந்தால் நாளைக்கே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். மகனுக்கு வந்தது அம்மாவிடமிருந்து வந்ததல்ல, இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

சரி, மச்சானுக்கு வருவோம்.

அவருக்கு வந்திருப்பது விழித்திரைக்குள் இருக்கும் சின்னக் குழாய்களில், அநேகமாகச் சிரைகளில். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருக்கும் ஆண்களுக்கு, அதுவும் நம் ஊர்ப்பக்கத்து ஆண்களுக்கு, இப்படித் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் ரத்தம் கசிவது பழைய கதை. 1880இல் பர்மிங்காமில் ஹென்றி ஈல்ஸ் என்ற மருத்துவர் இதை எழுதினார், அவர் பெயரிலேயே ஈல்ஸ் நோய் என்கிறார்கள். மேலை நாடுகளில் இப்போது அரிதாகிவிட்டது, இந்தியாவில் இன்னமும் இருக்கிறது. அதற்கும் காசநோய்க்கும் தொடர்பு இருக்கும் என்ற சந்தேகம் ரொம்ப நாளாகவே உண்டு. சென்னை சங்கர நேத்ராலயாவில் ஈல்ஸ் நோயாளிகளின் கண்ணிலிருந்து அறுவை சிகிச்சையில் எடுத்த சவ்வுகளைச் சோதித்தபோது, அவற்றில் பலவற்றில் காசநோய்க் கிருமியின் மரபணுத் துணுக்குகள் இருந்தன. கிருமி உயிரோடு இருந்து கடிக்கிறதா, அல்லது எப்போதோ வந்து போன கிருமியின் மேல் உடம்புக்கு இருக்கும் கோபம் விழித்திரையில் தீர்க்கப்படுகிறதா என்பதில் இன்றுவரை வாதம் ஓடுகிறது.

அதனால்தான் இருமல் இல்லை என்பது இங்கே பெரிய ஆறுதலும் இல்லை, முரணும் இல்லை. கண்ணில் காசநோய்த் தொடர்புள்ள அழற்சி வருகிறவர்களில் நிறையப் பேருக்கு நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். டி-ஸ்பாட் பாசிட்டிவ் என்றால் கிருமியை உடம்பு எப்போதோ சந்தித்திருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். சின்ன வயதில் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியால் இது பாசிட்டிவ் ஆகாது. ஆனால் நம் ஊரில் வளர்ந்த பலருக்கும் பாசிட்டிவாக வரும் என்பதால் அதை மட்டும் வைத்து யாரும் மருந்து தொடங்குவதில்லை, கண்ணில் தெரிகிற அழற்சியின் சாயலும் சேர்ந்து பொருந்த வேண்டும். எந்தச் சாயலுக்கு மருந்து தொடங்கலாம் என்பதற்கு இங்கிருக்கும் டான் டோக் செங் மருத்துவமனையும் சண்டிகர் பிஜிஐ மருத்துவமனை மருத்துவர்களும் முன்னின்று பல நாட்டு நிபுணர்களைக் கூட்டி வழிகாட்டிகள் எழுதியிருக்கிறார்கள், ஆகவே இந்த விஷயத்தில் சிங்கப்பூரில் பார்ப்பது ஒன்றும் குறைந்த இடமில்லை. இன்னொன்று, அறையில் கூட இருப்பவர்கள் பயப்படுவார்கள் என்பதால் சொல்கிறேன்: நுரையீரலில் இல்லாமல் கண்ணில் மட்டும் இருப்பது இருமலிலோ தட்டிலோ பரவாது.

என்ன காரணம் என்று இவ்வளவு மெனக்கெடுவது ஏன் என்றால், விழித்திரைக் குழாய் அழற்சி என்பது ஒரு நோயின் பெயரே இல்லை, பல நோய்கள் வந்து நிற்கிற வாசல் அது. சிபிலிஸ் வரலாம், அதற்குப் பென்சிலின் போதும், நரம்பு வழியே 10 முதல் 14 நாள். அம்மை, அக்கி வகைக் கிருமிகள் தமனிகளைத் தாக்கலாம், அதற்கு வைரஸ் மருந்தைக் கொடுக்காமல் வெறும் ஸ்டீராய்டு கொடுத்தால் விழித்திரை நாட்கணக்கில் அழுகிப்போகும். பேசெட் நோய் இருக்கலாம், வாயிலும் மறைவிடத்திலும் திரும்பத் திரும்பப் புண் வருகிறதா என்று கேட்பார்கள். லூபஸ், சார்காய்டு என்று பட்டியல் நீளும். அதனால் எச்ஐவிக்கும் சிபிலிஸுக்கும் ரத்தம் எடுத்தால் 'என்னைப் பற்றி என்ன நினைத்தார்கள்' என்று மச்சான் கோபப்பட வேண்டாம், எல்லோருக்கும் எடுப்பதுதான். பெரியவர், சின்னவர், கல்யாணமானவர் என்று நாங்கள் பார்ப்பதே இல்லை.

கண் ஆஞ்சியோ எடுக்கச் சொல்லியிருப்பார்கள், அல்லது சொல்வார்கள். பெயரைக் கேட்டு இதய ஆஞ்சியோ மாதிரி என்று பயந்துவிடுகிறார்கள். இருட்டு அறையில் கேமரா முன் தாடையை வைத்து உட்கார வைத்து, கையில் மஞ்சள் சாயம் ஏற்றுவார்கள். பத்துப் பதினைந்து விநாடியில் சாயம் விழித்திரைக்கு வந்து சேரும். நல்ல குழாய் கோடு போட்டது போல் பளிச்சென்று நிற்கும், அழற்சி இருக்கும் சிரையின் ஓரங்கள் மட்டும் நேரம் போகப் போகப் புகை படிவது போல் கலங்கி வெளுக்கும், ரத்தமே போகாத இடம் திட்டுத் திட்டாகக் கறுப்பாகவே கிடக்கும். அந்தக் கறுப்புத் திட்டு எங்கே இருக்கிறது என்பதுதான் உங்கள் பெரிய கேள்விக்குப் பாதி விடை. சாயம் ஏறும்போது சிலருக்குக் குமட்டும், ஒரு நாள் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகும், காமாலை இல்லை. கண்ணுக்குள் ரத்தம் நிறைய இருந்தால் படமே தெரியாது, அப்போது அல்ட்ராசவுண்டில் பார்த்துவிட்டு, நல்ல கண்ணை ஆஞ்சியோ எடுப்பார்கள். நல்ல கண் என்று நினைத்துக்கொண்டிருக்கும் கண்ணின் ஓரத்திலும் அழற்சி இருப்பது இந்த நோயில் சகஜம்.

பார்வை திரும்புமா? எது பார்வையை மறைக்கிறது என்பதைப் பொறுத்தது. கசிந்த ரத்தம் மறைக்கிறது என்றால் அது வடியும், வடியாவிட்டால் எடுக்கலாம், பின்னால் விழித்திரை நன்றாக இருந்தால் பார்வையும் நன்றாகவே வரும். விழித்திரையின் நடுப்புள்ளியில் நீர் கோத்து வீங்கியிருக்கிறது என்றால் மருந்தில் வற்றும், ரொம்ப நாள் வீங்கிக் கிடக்காமல் இருந்தால் நல்லது. நடுப்புள்ளிக்கே ரத்த ஓட்டம் நின்று ஆஞ்சியோவில் அங்கே கறுப்பாகத் தெரிந்தால், அதைத் திரும்பக் கொண்டுவர இன்றைக்கு மருந்து கிடையாது, இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வேலை. அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் 'சரியாகுமா' என்று பொதுவாகக் கேட்காமல், 'நடுவில் ரத்த ஓட்டம் இருக்கிறதா' என்று கேட்கச் சொல்லுங்கள். நேரான பதில் கிடைக்கும்.

இனி மருந்து. காசநோய்க்கு வழக்கமான நான்கு மாத்திரைகள், இரண்டு மாதத்துக்குப் பிறகு எண்ணிக்கை குறையும், மொத்தம் குறைந்தது ஆறு மாதம், கண்ணுக்கு ஒன்பது மாதம் வரை நீட்டுவதும் உண்டு. நான்கில் எத்தாம்பியூட்டால் என்ற ஒன்று தானே கண் நரம்பைப் பாதிக்கக்கூடியது, அதனால் அவ்வப்போது நிறப் பார்வையைச் சோதிப்பார்கள், சிவப்பு வெளிறித் தெரிந்தால் அன்றே சொல்ல வேண்டும். ரிஃபாம்பிசின் சிறுநீரையும் கண்ணீரையும் ஆரஞ்சு ஆக்கும், அது பரவாயில்லை. பரவாயில்லை என்று விட முடியாதது, அது ஸ்டீராய்டை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும் என்பது. அதனால் இவருக்கு ஸ்டீராய்டு அளவு மற்றவர்களை விடக் கூடுதலாக எழுதியிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், இரண்டு துறை மருத்துவர்களுக்கும் இவர் சாப்பிடும் எல்லா மாத்திரையும் தெரிந்திருக்க வேண்டும். காசநோய் மருந்து தொடங்கிய சில வாரத்தில் அழற்சி கொஞ்சம் கூடுவதும் உண்டு. 'மாத்திரை சாப்பிட்டதும் மோசமாகிவிட்டது' என்று அங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து நிறுத்தாமல் போய்க் காட்டுங்கள். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தாதியின் கண் முன்னால் தினமும் விழுங்கச் சொல்லும் ஏற்பாடு இங்கே உண்டு, எரிச்சலாக இருக்கும், துவாஸிலிருந்து அலைச்சல் வேறு. ஆனாலும் மாத்திரை தவறாமல் இருக்க அதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. அந்தக் காலம் முழுக்கக் குடி கூடவே கூடாது, ஈரல் தாங்காது. வாந்தி, பசியின்மை, கண் மஞ்சள் என்றால் உடனே போக வேண்டும்.

ஸ்டீராய்டு இரட்டை முகம் கொண்டது. அழற்சியை இதைப் போல வேகமாக அடக்க வேறொன்றும் இல்லை, வழக்கமாக உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் பிரெட்னிசொலோன் என்று தொடங்கி வாரக்கணக்கில் குறைப்பார்கள். ஆனால் சர்க்கரை ஏறும், நம் இனத்துக்கு அது ஏற்கெனவே வாசலில் நிற்கிற விருந்தாளி. இனிப்பான பால் தேநீரான தே தாரிக்கை விட்டுவிட்டு, பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் கேட்கப் பழகச் சொல்லுங்கள். கண் அழுத்தம் ஏறலாம், புரை வரலாம், தூக்கம் கெடும், காரணமில்லாமல் எரிந்து விழுவார், வீட்டில் புரிந்துகொள்ள வேண்டும். கண் தெளிந்துவிட்டது என்று தானாக நிறுத்தக் கூடாது, நோய் திரும்பி வருவது ஒரு பக்கம், உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும்போது சட்டென்று நிறுத்தினால் மயங்கி விழலாம். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: இவர் சின்ன வயதில் வயலில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர் என்பது. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு மண்ணிலிருந்து கால் வழியே ஏறி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் குடலில் இருக்கும், அதிக ஸ்டீராய்டு போனதும் பெருகி உடம்பெல்லாம் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு ரத்தப் பரிசோதனை, தேவையானால் ஐவர்மெக்டின் மாத்திரை, தீர்ந்தது. ஹெபடைட்டிஸ் பியும் அப்படித்தான், தொடங்கும் முன் பார்த்துவிட வேண்டும்.

காசநோய் இல்லை என்று முடிவாகி அழற்சி மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் உடம்பின் எதிர்ப்பைத் தணிக்கும் மெத்தோட்ரெக்சேட், மைக்கோஃபினோலேட், 2016இல் அமெரிக்காவில் இந்த வகைக் கண் அழற்சிக்கு அனுமதி பெற்ற அடாலிமுமாப் ஊசி என்று போவார்கள். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடுவது, தினமும் விழுங்கினால் உயிரே போகலாம். மச்சானுக்கு இப்போது இவை தேவையில்லை.

ரத்த ஓட்டம் நின்ற பகுதி சும்மா இருக்காது, புதுக் குழாய்களை முளைக்க வைக்கும். அவை அவசரத்தில் கட்டிய சுவர் மாதிரி, தொட்டால் உதிரும். மச்சானுக்குக் கண்ணுக்குள் ரத்தம் வந்தது அநேகமாக இதனால்தான். அந்தப் பகுதிகளில் லேசர் போட்டால் புதுக் குழாய்கள் சுருங்கும், ஆனால் அழற்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது லேசர் போட்டால் கூடுதலாகக் கிளறிவிடும், முதலில் மருந்தில் அடக்கிவிட்டுத்தான் லேசர். 'ஏன் லேசரைத் தள்ளிப்போடுகிறார்கள்' என்று சந்தேகப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் ரத்தம் வடியச் சில வாரங்கள், சில சமயம் இரண்டு மூன்று மாதம்கூடப் பார்ப்பார்கள், விழித்திரை விலகியிருந்தால் மட்டும் அவ்வளவு காத்திருக்க மாட்டார்கள். அதுவரை தலையணையை உயர்த்தி வைத்துப் படுத்தால் ரத்தம் கீழே தங்கும். வடியாவிட்டால் அந்த ரத்தத்தை எடுக்க விட்ரெக்டமி என்ற அறுவை சிகிச்சை.

இங்கேதான் ஊருக்குப் போகும் விஷயம் வருகிறது. அந்த அறுவை சிகிச்சையின் முடிவில் சிலருக்குக் கண்ணுக்குள் வாயு நிரப்புவார்கள். வாயு கரையும்வரை விமானம் ஏறவே கூடாது. மேலே போகப் போக வாயு விரிந்து, கண் அழுத்தம் ஏறி, உள்ளே போகும் ரத்தமே நின்று பார்வை போய்விடும். திருச்சிக்கு நாலு மணி நேரம்தானே என்பதெல்லாம் இதில் செல்லாது. எந்த வாயு என்பதைப் பொறுத்து வாரக்கணக்கில் ஆகும், கையில் கட்டிவிடும் பட்டையை யார் சொன்னாலும் கழற்ற வேண்டாம், மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் டிக்கெட். வாயுவுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய் வைத்திருந்தால் இந்தத் தடை இல்லை.

வேலை விஷயம்: ஒரு கண்ணில் பார்வை இல்லாமல் சாரத்தில் ஏறுவது, வெல்டிங் செய்வது வேண்டாம், தூரம் பிடிபடாது. எம்சியோ (மருத்துவ விடுப்புச் சீட்டு) லைட் டியூட்டியோ எழுதிக் கேளுங்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவருக்கு மருத்துவச் செலவு முதலாளி பொறுப்பு, மருத்துவமனையில் தங்கும் சிகிச்சைக்கும் ஒரே நாளில் முடியும் அறுவை சிகிச்சைக்கும் வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்குக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்பது 2023 ஜூலையிலிருந்து சட்டம். பில்லைப் பார்த்து அவராகவே சிகிச்சையை விட்டுவிடுவதற்கு முன் மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரைப் பாருங்கள்.

நாட்டு வைத்தியம் பற்றி மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நந்தியாவட்டைப் பூச்சாறோ தாய்ப்பாலோ கண்ணில் விட்டால் அது கருவிழியின் மேல்தான் நிற்கும், நோய் இருப்பது கண்ணின் பின்சுவரில். மேலே புதிதாய்ப் புண் வந்து சேர்ந்தால் அதற்கும் வைத்தியம் பார்க்க வேண்டும். உள்ளுக்குச் சாப்பிடும் லேகியம், செந்தூரம் எதுவும் காசநோய் மாத்திரையோடு சேர்ந்து ஈரலில் மோதலாம்.

வேலை போய்விட்டது, போயே ஆக வேண்டும் என்ற நிலை வந்தாலும் சிகிச்சை அறுபட வேண்டியதில்லை. புதுக்கோட்டையிலிருந்து மதுரை அரவிந்த் பக்கம்தான், சென்னை சங்கர நேத்ராலயாவும் இருக்கிறது, இந்த நோயை இங்கே பார்ப்பதை விட அதிகமாகப் பார்க்கும் கைகள் அவை. கிளம்பும் முன் ஆஞ்சியோ படங்கள், காசநோய் மருந்து தொடங்கிய தேதி, ஸ்டீராய்டை எந்தத் தேதியில் எவ்வளவாகக் குறைத்தார்கள் என்ற அட்டவணை, ரத்த ரிப்போர்ட்டுகள், கையில் ஒரு மாதத்துக்கு மாத்திரை, இவற்றோடு ஒரு கடிதமும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை தினமும் காலையில் ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு கதவு நிலையின் நேர்க்கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், இடது கண்ணையும் சேர்த்துத்தான். கோடு வளைந்தாலோ, புதிதாகக் கரித்தூள் பறந்தாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்கினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். மாமியாரிடம் பேசிவிட்டு என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.